புறங்கையில் ஒரு சொட்டு

டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே கடை வைத்திருக்கிறவரின் மருமகள் கோபம் தீர்ந்து திரும்பி வந்துவிட்டாள். போன மாதம் முழுக்க அந்தக் கடையில் வெறும் வெந்நீர்தான். நல்லது, மேடம்.

செண்பகராஜ் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் அவன் உங்களிடம், பக்கத்து வீட்டு அம்மா தெரியாமல் ஊற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். ரைட்டர் அண்ணாச்சி எழுதிக்கொள்ளட்டும். அவர் மச்சினன் கல்யாணம் ஏன் நின்றது என்பதைப் பற்றி இப்போது பேச மாட்டேன்.

அவனும் அவன் அம்மா ஆவுடைத்தாயும் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்து என் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடியேறியபோது அவனுக்குப் பத்து வயது. அப்பா இறந்து, இருந்த ஆடுகளை விற்றுவிட்டு வந்தவர்கள். எத்தனை ஆடு, யாரிடம் விற்றார்கள் என்பது அன்று சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்தது. மறுநாள் தெருவுக்குத் தெரிந்தது. ஆவுடைத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை பையன் சாப்பிட்டது என் அடுப்படியில். என்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டாலும் சொல்வேன்.

நான் புதியம்புத்தூரிலிருந்து வரும் நைட்டிகளுக்கு ஓரம் அடிக்கிறவள். பின்னறை முழுக்கத் துணி மூட்டை. அதற்கு நடுவே என்ன கத்தினாலும் எதிரொலி வராது. பதினாறு வயதில் அவன் இதைக் கண்டுபிடித்து, இரண்டு மூட்டையை நகர்த்திவிட்டு, பழைய கம்ப்யூட்டரும் ஒரு மைக்குமாக உள்ளே உட்கார்ந்துவிட்டான். ராப் பாடுகிறவர்கள் வேறு. அவர்களுக்குப் பின்னால் ஓடும் தாளத்தையும் இசையையும் செய்து கொடுப்பது இவன் வேலை. அதற்குப் பேர் புரொடியூசர் என்றான். படம் எடுக்கிறவர் என்று நினைத்து நான் தெருவில் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் நடிக்க வாய்ப்புக் கேட்டு ஆள் வந்தது.

என் தையல் மெஷின் ஓடும் சத்தத்தைப் பிடித்துத்தான் முதல் பாட்டுக்குத் தாளம் போட்டான். அது நன்றாக ஓடியது. சென்னைக்குப் போனான். 'கரிசல் ராஜ்' என்று பேர் வைத்துக்கொண்டான். கரிசலில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, பேரிலாவது இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் சினிமா, விருது, கார். அம்மாவைத் தீப்பெட்டி வேலையிலிருந்து நிறுத்திக் கூட்டிப் போனான். அன்று தெருவுக்கு லட்டு கொடுத்தது நான்.

பிறகு அந்தப் பேட்டி வந்தது. நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் அவன் பேசிய தமிழே வேறு.

"பக்கத்து வீட்ல ஒரு அம்மா. நான் பாட்டு போட்டா மெயினை ஆஃப் பண்ணிடுவாங்க. பசிக்குதுன்னு போய் நின்னா கதவைச் சாத்திடுவாங்க. அந்த மூடின கதவுதான் என்னை வளர்த்துச்சு."

பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னணியில் அந்த முதல் பாட்டு, அதில் என் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் இருந்த அறைக்கு ஒரு பக்கம் என் வீடு. மறுபக்கம் காலி மனை. அதனால் அந்த அம்மா யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் குழாயடியில் மீனாட்சியம்மாள், "ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட்டா கொறைஞ்சா போயிருப்ப?" என்றாள். நான் போட்டதைக் கண்ணால் பார்த்தவள் அவள். விளாத்திகுளத்தில் என் மகள் இந்துஜாவிடம் அவள் மாமியார் வீடியோவைக் காட்டி, "ஒங்கம்மையா இது?" என்று கேட்டிருக்கிறாள். வெளியூர்ப் பையன்கள் பைக்கில் வந்து என் கதவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷமாக நான் மற்றவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன், மேடம். கூட்டியும் பேசியிருக்கிறேன். தின்ற சோற்றை இல்லையென்று மட்டும் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை காலையில் வந்தான். ஏதோ காலேஜ் விழாவுக்கு வந்த இடம்.

"அத்தை, இருக்கியளா?" என்று நேராக அடுப்படிக்கே வந்துவிட்டான். "ஹெட்போன் மாட்டி மாட்டி வலது காது அடைச்ச மாதிரியே இருக்கு. சின்னப்பிள்ளைல பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விடுவீயல்லா, அதை விடுங்க."

அவனாகத்தான் கேட்டான். எண்ணெய் அடுப்பில் இருந்தபோது நான் கேட்டேன்.

"ஏலே, நான் எப்பம்லே கதவைச் சாத்தினேன்?"

சிரித்தான். "அதா? அது சும்மா கதைக்கு அத்தை. நல்லாத் தின்னேன், நல்லாத் தூங்குனேன்னு சொன்னா எவன் கேப்பான்? கஷ்டப்பட்டாத்தான் ராப்பு."

"எல்லாரும் என்னையல்லா சொல்லுதாவ."

"நான் ஒங்க பேரைச் சொல்லவே இல்லியே. சொல்லணும்னாலும் ஒங்க பேரு எனக்கே சட்டுனு வரலை, பாத்துக்கோங்க. நமக்கு எப்பவும் அத்தைதானே."

பாயில் படுத்து என் மடியில் தலை வைத்துக்கொண்டான். கண்ணையும் மூடிக்கொண்டான்.

காதில் விடும் முன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பது என் வழக்கம். அவனுக்கு ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை. அன்றும் பார்த்தேன். இதோ, கொப்புளம் இன்னும் வற்றவில்லை. அது எழும்பியதைப் பார்த்த பிறகுதான் கரண்டியைச் சாய்த்தேன். துள்ளுவான் என்று தெரியும், அதனால் இடது கையால் தலையை அழுத்திக்கொண்டேன்.

ஒரு காதுதான். இடது காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் எந்தச் சத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு வர வேண்டும் என்பதை இரண்டு காதையும் வைத்துத்தான் நிறுக்க வேண்டும் என்று அந்தத் துணி மூட்டைகளுக்கு நடுவே அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதனால் ஒன்று போனாலே போதும் என்பது எனக்குத் தெரியும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

கோபத்தில் செய்தாள் என்று எழுத வேண்டாம். அவனுக்கு ஒரு கஷ்டம் தேவைப்பட்டது, இல்லாததைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை பொய்யனாக இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி இனி அவன் என்ன சொன்னாலும் உண்மை. பெற்றவள்கூட இவ்வளவு செய்ய மாட்டாள்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லி அவன் என்னைக் காப்பாற்றுகிறானாம். இந்துஜா போனில் அழுகிறாள். அப்போதும் என்னைப் பக்கத்து வீட்டு அம்மா என்றுதானே சொல்லியிருக்கிறான்.

என் பேர் பிரேமலதா. அதை முதல் வரியிலேயே போடுங்கள். கோர்ட்டில் இதை வாசிக்கிற ஆளை அவனுக்கு இடது பக்கமாக நின்று வாசிக்கச் சொல்லுங்கள்.