பின்பாரம்

சிவநேசம்: நான் இறங்கிட்டன். இனி உந்த ஜீப்புக்குள்ள ஏறமாட்டன்.

அரியரத்தினம்: இறங்கத்தானே இந்தக் கடைவாசலில நிப்பாட்டினது. முதல் மூச்சை விடும்...

சிவநேசம்: பாலத்தில அந்தப் பெரிய ட்ரக் எங்களைக் கடந்து போகேக்கை, பின்னால கொழுவின வீட்டு ட்ரெய்லர் அங்கால இஞ்சால ஆடினதைக் கண்ணாடியில பாத்தனான். எங்களையும் இழுத்துக்கொண்டு ஆத்துக்குள்ள...

அரியரத்தினம்: விழேல்லைத்தானே! ஜீப்பின்ர பிரேக்கில கால் வைக்காம, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அமத்தி நேராக்கினன். அதுக்கு ஒரு சொட்டுப் புகழும் இல்லை.

சிவநேசம்: புகழ் பேந்து பாடலாம். திருப்புங்கோ, ரொக்ஸ்பரோ வீட்டுக்கே போவம்.

அரியரத்தினம்: பிள்ளையள் வளந்து வெளிக்கிட்டுப் போனபிறகு நாங்கள் ரெண்டுபேரும் தனியக் காட்டுக்குள்ள தங்கப் போற முதல் பயணம், நேசம். மொன்றியலைத் தாண்டின கையோட திரும்புறதே?

சிவநேசம்: அப்ப சின்ன ட்ரெய்லரா ஒண்டு வாங்கியிருக்கலாம். ரெண்டுபேருக்கு இருபத்திநாலு அடி!

அரியரத்தினம்: நீளம் பிழையில்லை, இந்த ஜீப் இழுக்கும். வித்த பிரெஞ்சுக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னவன்... பாரம் முன்னுக்கு இருக்கவேணும், பின்னுக்குப் போனா வால் ஆடும் எண்டு. இஞ்ச பாரும், கொழுவின இடத்தில ஜீப் கொஞ்சமும் பதியேல்லை. ட்ரெய்லரின்ர பின்பக்கம் என்னவோ கிடக்கு.

சிவநேசம்: ...என்ன கிடக்கப்போகுது? போர்வை, தலைகணி...

அரியரத்தினம்: கட்டிலுக்குக் கீழ பாப்பம்...

சிவநேசம்: அதைத் திறக்காதேங்கோ!

அரியரத்தினம்: அட கடவுளே! அரிசி மூட்டை... கிடாரம்... ஐஸ் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி!

சிவநேசம்: இடையில பசிச்சா எண்டு...

அரியரத்தினம்: ரெண்டுபேருக்கோ?

சிவநேசம்: விலகுங்கோ. உந்தப் பின் அலுமாரியில என்ன?

அரியரத்தினம்: அது... அது சும்மா...

சிவநேசம்: மடக்குக் கதிரை பன்ரண்டு! பியர்ப் பெட்டி! கரம் போர்டும்! ஆரோட விளையாடப் போறியள், மரத்தோடையோ?

அரியரத்தினம்: கனக்கக் கதைக்காதையும். முதல்ல எல்லாத்தையும் முன்னுக்குக் காவுவம்.

சிவநேசம்: கிடாரத்தின்ர மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ... மெல்ல, மெல்ல... என்ர கால்!

அரியரத்தினம்: இன்னும் கொஞ்சம். சில்லுக்கு முன்னால, நடுவில, நிலத்தோட வையும். மேல் தட்டில ஒண்டும் வேண்டாம்... ஆ, இப்ப ஜீப்பைப் பாரும்!

சிவநேசம்: பின்பக்கம் பதிஞ்சிட்டுது.

அரியரத்தினம்: அளவாத்தான். இந்த ரெண்டு இரும்புத் தண்டையும் இறுக்கினா, பாரம் ஜீப்பின்ர முன்சில்லுக்கும் பரவும். ஏறும், இந்த வாசலை ஒருக்காச் சுத்திப் பாப்பம்.

சிவநேசம்: மெதுவா... ம்... வளைவிலயும் ஒழுங்கா வருது.

அரியரத்தினம்: ரோட்டில ஏறி ஒரு ட்ரக்குக்கும் வழி விடுவம்... அந்தா, வாறான்... போயிட்டான்.

சிவநேசம்: ஆடவே இல்லையப்பா!

அரியரத்தினம்: அப்ப போவமோ, திரும்புவமோ?

சிவநேசம்: போங்கோ. ஆனா தொண்ணூறுக்கு மேல ஓடக்கூடாது. சரி, கதிரை ஆருக்கு?

அரியரத்தினம்: அரிசி ஆருக்கு?

சிவநேசம்: நீங்கள் முதல்ல.

அரியரத்தினம்: ...உம்மட அண்ணர் குடும்பத்தைப் பின்னேரம் அங்க வரச்சொன்னனான். தனிய நிண்டா உமக்கு அலுக்கும் எண்டு.

சிவநேசம்: ஐயோ... நான் உங்கட தங்கச்சி வீட்டாக்களை வரச்சொல்லிட்டன்!

அரியரத்தினம்: ஏனப்பா?

சிவநேசம்: பிள்ளையள் இல்லாத வீட்டில, சாப்பாட்டு மேசையில இருந்து ரெண்டுபேரும் வாயே திறக்கிறேல்லை. காட்டுக்குள்ள போய் உங்களோட என்னத்தைக் கதைக்கிறதெண்டு எனக்குப் பயமாக் கிடந்தது.

அரியரத்தினம்: ...எனக்கும் அந்தப் பயம்தான், நேசம். உமக்கு அலுக்கும் எண்டது சும்மா.

சிவநேசம்: வெளிக்கிட்டதில இருந்து ரெண்டுபேரும் வாய் மூடேல்லை, கவனிச்சியளே? ...உங்கட போனை இஞ்ச தாங்கோ. நாளைக்கு வந்தாப் போதும் எண்டு ரெண்டு வீட்டுக்கும் சொல்லப்போறன்.