மூன்று கேள்விக்கும் இல்லை

அக்கா: மெதுவாப் பேசுடா. இப்பத்தான் கண் அசந்திருக்காங்க.

தம்பி: நான் எங்க பேசினேன்? நாற்காலிதான் கிறீச்சுங்குது.

அக்கா: நீ ஆடாம உக்காந்தா அது ஏன் கத்தப் போகுது? முப்பத்தொரு வயசாச்சு, இன்னும் கால ஆட்டிக்கிட்டு.

தம்பி: பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்துருவாங்க. அதான்.

அக்கா: வரட்டும்.

தம்பி: வந்து திரும்பவும் அதையேதான் கேப்பாங்க. "உங்கம்மா வாந்தி எடுக்கறாங்களா? மாத்திரை ஏதாவது போடறாங்களா? பட்டினி கிடக்கறாங்களா?"

அக்கா: நேத்தே பதில் சொல்லியாச்சே.

தம்பி: ஆமா, சொன்னோம். ரெண்டு பேரும் ஒரே குரல்ல. இல்ல... இல்ல... இல்ல. ரத்தத்துல பொட்டாசியம் இவ்வளவு இறங்கியிருக்கு, இதயம் தாறுமாறாத் துடிக்குது, எதனாலன்னு தெரியாம மருந்த மட்டும் ஏத்திக்கிட்டே இருக்க முடியாதுன்னு அவங்க சொன்னப்போ நீ தரையப் பாத்தக்கா.

அக்கா: நீ ஜன்னலப் பாத்த. அது என்னடா கையில?

தம்பி: ஒண்ணுமில்ல.

அக்கா: விரல நீட்டு. நீட்டுடா தடியா.

தம்பி: அம்மாவோட கண்ணாடிய எடுக்கக் கைப்பையத் தொறந்தேன். அடியில கிடந்துச்சு.

அக்கா: இது... பேதி மாத்திரை. அட்டை அத்தனையும் காலியா இருக்கே!

தம்பி: நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

அக்கா: நீயா?

தம்பி: மலச்சிக்கல்னு சொன்னாங்க. மாசா மாசம் சொன்னாங்க. மருந்துக் கடைக்காரர்கூட ஒரு நாள் "இத்தனையாப்பா?"ன்னு கேட்டார். "எங்களது பெரிய குடும்பம் சார்"னு சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்தேன். பெரிய நகைச்சுவை மன்னன் நான்.

அக்கா: சரி... சரி விடு. உனக்குத் தெரியாதுல்ல.

தம்பி: மாத்திரை விஷயம் தெரியாது.

அக்கா: அப்படின்னா வேற என்ன தெரியும்?

தம்பி: அம்மா நடக்கறது. காலையில ஒரு நடை, தையல் கடைய மூடிட்டு சாயங்காலம் ஒரு நடை. ஒருநாள் நானும் கூடப் போனேன். பாதியிலயே மூச்சு வாங்குது எனக்கு, இவங்க திரும்பிக்கூடப் பாக்கல. அது காத்து வாங்கப் போறவங்க நடை இல்லக்கா. யாரோ துரத்துற மாதிரி...

அக்கா: காய்ச்சலோட நடந்தாங்களே, போன மழையில.

தம்பி: அதுக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? குடும்பக் குழுவுல படத்தப் போட்டு "எங்க வீட்டு சிங்கம்"னு எழுதினேன். நீகூட கை தட்டுற பொம்மை போட்ட.

அக்கா: போட்டேன்.

தம்பி: ஷூ விக்கறவன் நான். தேஞ்ச அடியப் பாத்தே ஆள் எப்படி நடக்கறாங்கன்னு சொல்லிடுவேன். அம்மாவுக்கு நாலு மாசத்துக்கு ஒரு ஜோடி குதிகால் கரைஞ்சு வருது. ஏன்னு கேக்காம, புது ஜோடிய எடுத்து நீட்டினேன். அதுவும் ஊழியர் தள்ளுபடியில.

அக்கா: அழாதடா.

தம்பி: அழல. கடையில எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன்க்கா...

அக்கா: நீயாவது ஷூதான் குடுத்த. நான் பல்லே செஞ்சு குடுத்தேன்.

தம்பி: என்ன பல்லு?

அக்கா: ஆறு வருஷத்துக்கு முன்னாடி. பல்லு செய்யற எங்க லேபுக்கு வாயோட அச்சு மட்டும்தான் வரும். பேர் இருக்காது, வெறும் நம்பர். ஒருநாள் ஒரு அச்சு வந்துச்சு. மேல் வரிசை, முன்பல்லு. வெளியில பாத்தா பெரிசா ஒண்ணும் தெரியல. திருப்பிப் பாத்தா உள்பக்கம் முழுக்கக் கரைஞ்சு, தேஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு. வயித்துப் புளிப்பு மேல வந்து வந்து அரிச்ச பல்லு அது. எனக்குப் பாத்ததுமே தெரியும்.

தம்பி: சரி...

அக்கா: இடது பக்கம் தெத்துப்பல்லு. அது மேல சின்னதா ஒரு விரிசல்.

தம்பி: நூல் கடிச்சுக் கடிச்சு வந்த விரிசல்.

அக்கா: ம்.

தம்பி: நீ அம்மாகிட்ட எதுவும்...

அக்கா: கேக்கல. மூணு நாள் எடுத்துக்கிட்டேன். பல்லு மேல மாட்டற உறை, ஆறு கேப். என் கையால இவ்வளவு அழகா அதுக்கு முன்னாடியும் செஞ்சதில்ல, பின்னாடியும் செஞ்சதில்ல. தெத்துப்பல்ல நேராக்கணும்னு பல் டாக்டர் சீட்டுல எழுதியிருந்துச்சு. எனக்கு மனசு வரல. அப்படியே வச்சேன். லேப்ல எல்லாரும் பாராட்டினாங்க... ஒரு நோய அவ்வளவு நேர்த்தியா மூடி வச்சதுக்கு.

தம்பி: வாந்தி எடுக்கறது உனக்கு முன்னாடியே தெரியுமா?

அக்கா: எட்டாவது படிக்கறப்பவே தெரியும்.

தம்பி: என்னது!

அக்கா: ஷ்ஷ்! பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு வந்தேன். அம்மா சமையலறைத் தரையில உக்காந்திருந்தாங்க. ரொட்டி, பிஸ்கட்டு, சர்க்கரை டப்பா... எல்லாம் சுத்திலும் தொறந்து கிடக்குது. ருசிச்சு சாப்பிடல. நிறுத்தத் தெரியாம சாப்பிட்டாங்க. என்னப் பாத்ததும் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயத் தொறந்து விட்டாங்க. அப்புறம் வெளிய வந்து, "வயிறு சரியில்லடா, அப்பாகிட்ட சொல்லாத"ன்னாங்க. நான் சொல்லல. அப்பா போன பிறகும் யாருக்கும் சொல்லல.

தம்பி: எனக்குக்கூட...

அக்கா: உனக்கு அப்போ ஆறு வயசு. உன்கிட்ட சொன்னா தெருவுக்கே தெரியும்.

தம்பி: அதுக்கு... பேர் இருக்கா?

அக்கா: புலிமியா.

தம்பி: ஏதோ பூச்செடி பேர் மாதிரி இருக்கு.

அக்கா: உன்ன...

தம்பி: சாரி. அது எலும்பும் தோலுமா இருக்கற சின்னப் பொண்ணுங்களுக்கு வர்றதுன்னு நெனச்சேன். அம்மா சாதாரணமாத்தானே இருக்காங்க?

அக்கா: அதனாலதான் யார் கண்ணுக்கும் தட்டுப்படல. அறுபதை நெருங்கறவங்களுக்கும் இருக்கும். ஆம்பளைங்களுக்கும் இருக்கும்.

தம்பி: ஆனா கேப் போட்ட பிறகு வாந்தி எடுத்த மாதிரி தெரியலையே. ஆறு வருஷமா நான்தானே அவங்ககூட இருக்கேன்?

அக்கா: நானும் அப்படித்தான் ஏமாந்தேன். நின்னு போச்சுன்னு நிம்மதியா இருந்தேன். நிக்கலடா, வேஷம் மாத்திக்கிச்சு. வாந்திதான் எடுக்கணும்னு இல்ல. மாத்திரையாலயும் பண்ணலாம், பட்டினி கிடந்தும் பண்ணலாம், கால் தேய நடந்தும் பண்ணலாம். தின்னதுக்குத் தண்டனை குடுக்கணும். அவ்வளவுதான்.

தம்பி: அப்படின்னா "மதியம் கடையிலேயே சாப்பிட்டுட்டேன்"னு சொன்னதெல்லாம்...

அக்கா: நீ நடையப் பாத்த. நான் பல்லப் பாத்தேன். ஒரு தடவையாவது ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருந்தா...

தம்பி: ஏன்க்கா? நம்ம அம்மாவுக்கு என்ன குறை?

அக்கா: ஒரே காரணம்னு எதையும் சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சொல்ற வசனம் ஞாபகம் இருக்கா?

தம்பி: "ஊருக்கெல்லாம் அளவெடுக்கறா, இவள அளக்கத்தான் டேப் பத்தல."

அக்கா: எல்லாரும் சிரிப்போம். அம்மா எல்லாரையும்விட சத்தமாச் சிரிப்பாங்க.

தம்பி: நானும் சிரிச்சிருக்கேன்.

அக்கா: நானும்தான். மணி என்ன?

தம்பி: பத்து அம்பது. சொல்லிடலாமாக்கா?

அக்கா: சொன்னா அம்மா நம்ம முகத்துல முழிக்க மாட்டாங்க. இருபத்தஞ்சு வருஷமாப் பொத்தி வச்ச மானம்டா அது. அதப் போய் நாம நடு வார்டுல...

தம்பி: சொல்லலன்னா? நேத்து நடைபாதையில விழுந்து கிடந்தாங்கக்கா. முன்பின் தெரியாத பால்காரர்தான் தூக்கி உக்கார வச்சிருக்கார். அடுத்த தடவ அவரும் இல்லன்னா? அம்மா என் மேல கோவமா இருக்கட்டும். ஆயுசு முழுக்க இருக்கட்டும். ஆனா இருக்கணும்.

அக்கா: சரியாயிடும்னுதான்டா படிச்சேன். இத்தனை வருஷம் ஆனாலும் மீண்டு வரலாமாம். கூட உக்காந்து பேசிப் பேசி மெதுவா மீட்டுக் கொண்டு வர்றவங்க இருக்காங்களாம்.

தம்பி: அப்புறம் என்ன? சொல்லிடுவோம். நீ ஆரம்பி.

அக்கா: ஏன், நீ ஆரம்பியேன்.

தம்பி: நீதானே மூத்தவ!

அக்கா: அம்மா செல்லம் நீதானே!

அம்மா: ரெண்டு பேரும் ஆரம்பிக்க வேணாம்.

அக்கா: அம்மா!

தம்பி: அம்மா... எப்போ முழிச்ச?

அம்மா: தூங்கினாத்தானே முழிக்கறதுக்கு?

அக்கா: எல்லாத்தையும் கேட்டுட்டியா? பல்லு... அது...

அம்மா: அத நீதான் செஞ்சேன்னு மாட்டின அன்னைக்கே தெரியும். என் தெத்துப்பல்ல வேற யாரு அப்படியே விடுவா? நீ வாயத் தொறந்து கேப்பேன்னு நான் இருந்தேன். நான் சொல்லுவேன்னு நீ இருந்திருக்க. ஆறு வருஷம் ஓடிப்போச்சு.

அக்கா: மன்னிச்சிரும்மா.

அம்மா: சீ, அசடு. எட்டாவது படிக்கற பிள்ளை தலையில மூட்டைய ஏத்தினவ நான். நீ எதுக்குடி மன்னிப்பு கேக்கற? டேய் குட்டி, நீயும் கண்ணத் தொடை. ஷூ நல்ல ஷூதான்.

தம்பி: டாக்டரம்மா வர்ற நேரம்மா. நாங்க சொல்லித்தான் ஆகணும். நீ திட்டினாலும் சரி.

அம்மா: சொல்லியாச்சு.

தம்பி: யாரு சொன்னா?

அம்மா: நான்தான். நேத்து சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் காபி குடிக்கப் போனப்போ. மூணு கேள்விக்கும் ஆமான்னு சொன்னேன். "பிள்ளைங்க இல்லன்னாங்களே?"ன்னு கேட்டாங்க. "நான் பழக்கி விட்டதுதான் டாக்டர்"னேன்.

அக்கா: அப்போ காலையிலேர்ந்து எங்கள இந்தப் பாடு படுத்திட்டு... ஏம்மா கண்ண மூடிக்கிட்டுக் கிடந்த?

அம்மா: டாக்டர் யாரோ, நான் யாரோ. அவங்ககிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் எப்படிச் சொல்றதுன்னுதான்டி... தெரியாமப் படுத்திருந்தேன்.