படத்துக்குக் கீழே எழுதினது

லண்டனில், வால்தம்ஸ்டோ பஸ் நிறுத்தத்தை விட்டு நகர்ந்ததும், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் குரலைத் தணித்துச் சொன்னாள்:

“நேர்சரியில குடுத்துவிட்ட புத்தகத்தில வெறும் படம்தான் அக்கா, எழுத்தே இல்லை. அதுதான் இவர் ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பேனையால இங்கிலீசில வசனம் எழுதினவர்.”

“ஐயோ, நேர்சரிப் புத்தகத்திலயோ?”

“ஓம். பிள்ளை வாசிக்கப் பழகட்டும் எண்டு. அது பிள்ளையள் படத்தைப் பாத்துத் தாங்களாக் கதை சொல்லுற புத்தகமாம். ரீச்சர் சொல்ல, எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை.”

“ஏசினவவோ?”

“ஏசியிருந்தாப் பரவாயில்லை. சிரிச்சுக்கொண்டு மகளைக் கதை சொல்லச் சொன்னா. இவர் எழுத முன்னம் வீட்டில வாய் ஓயாமல் அந்தக் கதையைச் சொன்ன பிள்ளை அக்கா. ‘அப்பா எழுதினது எனக்கு மனப்பாடமில்லை’ எண்டு என்னைப் பாத்து அழுதிட்டாள்.”