இரண்டு சொடக்கு

அன்று காலையில் இட்லி சாப்பிட்டோமா தோசையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நீங்கள் கேட்டதால் யோசித்துப் பார்த்தேன். தக்காளிச் சட்னி இருந்தது. வித்யா தட்டை விரலால் ஒருமுறை சுற்றித் தடவிவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பாள், அன்றும் அப்படித்தான் செய்தாள். ஆனால் அது அந்தக் காலைதானா, வேறொரு காலையா என்று சத்தியம் செய்ய முடியாது. இப்போதெல்லாம் காலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன் சார்.

என் பெயர் சபரிநாதன். மோகனூருக்குக் கீழே, காவிரிக் கரையில் எங்கள் ஊர். கரும்பும் வாழையும் வைத்திருக்கிறேன். வித்யா என் மனைவி, எருமப்பட்டிப் பெண். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. தெரிந்துதான் கட்டினேன். கல்யாணத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மாமியார் பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எம் புள்ளைக்கு இனி நீங்கதானுங்க கண்ணு" என்று அழுதார். அதை ஒரு பொறுப்பாக ஏற்றுக்கொண்டேன்.

வெளியே போகும்போது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். படி வந்தால் நாக்கில் சொடக்குப் போடுவேன். ஒரு சொடக்கு என்றால் இறங்கு, இரண்டு என்றால் ஏறு. அப்பா ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். மாட்டுக்கு அவர் போடுகிற சத்தம்தான் அது. வித்யாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. கோயிலில் நாங்கள் படியேறுவதை ஜனம் நின்று பார்க்கும். ரேஷன் கடையில், பேங்கில், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில், எங்கும் அவளுக்காக நான்தான் பேசுவேன். அவளை எதிரில் வைத்துக்கொண்டே, "அம்மணிக்கு என்ன வேணுமுங்க?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சிரிப்புக்கு சந்தோஷம் என்றுதான் நான் அர்த்தம் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் சட்டத்திருத்தம் வந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக எடுக்கலாம் என்றார்கள். விண்ணப்பம் போடச் சொன்னது நான்தான். எங்கள் பேரூராட்சியில் பெண் உறுப்பினர்களின் வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயர் மனைவியுடையது, பேச்சு புருஷனுடையது. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். நியமன உறுப்பினருக்கு மன்றத்தில் ஓட்டு கிடையாது, பேசலாம். பேசுவதுதானே என் வேலை என்று நினைத்தேன்.

முதல் கூட்டத்தன்று செயல் அலுவலர், "மேடம் வாங்க, இங்க உக்காருங்க" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து, "சார், நீங்க வெளிய இருங்க" என்றார். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் மற்ற வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க வாங்க மெம்பரூட்டுக்காரரே, நம்ம சங்கத்துல நீங்களும் சேந்தாச்சுங்களா?" என்று மயில்சாமி நகர்ந்து இடம் விட்டார்.

"இவருக்கு என்னுங்க கவலை? அம்மணிக்குக் கண்ணே இவருதான். இவரில்லாம கையெழுத்துக்கூட விழுகாது" என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்தேன். அவர்களுடைய போன்கள் நிமிஷத்துக்கொரு தரம் அடித்தன. உள்ளே இருந்து மனைவிமார் என்ன பேசுவது என்று கேட்பார்கள். என் போன் அடிக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் அடிக்கவில்லை. ஜன்னல் வழியாக அவள் குரல் மட்டும் கேட்டது. வீட்டில் நான் கேட்டிராத குரல். ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளம் கேட்டாள், கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக் கதவை அகலப்படுத்தச் சொன்னாள், செய்தார்கள். காலையில் வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். "மெம்பரம்மா இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் உள்ளே போய்க் கூப்பிடுவேன்.

நாமக்கல்லில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வெள்ளைக் குச்சியோடு வந்தாள். "ஏனுங்க, இனி நீங்க வேலையக் கெடுத்துக்கிட்டு எங்கூட வரோணும்னு இல்லீங்க. வாழைக்குத் தண்ணி பாயோணுமல்ல, அதைப் பாருங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் கடுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதன் பிறகு நான் வீட்டில் அதிகம் பேசவில்லை. அவள் முதலில் ஏன் என்று கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

கடைசியாக அவள் கேட்டது படித்துறைக்குக் கைப்பிடிக் கம்பி. வயசானவர்களும் கால் முடியாதவர்களும் ஆற்றுக்கு இறங்கப் பயப்படுகிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னாளாம். வேலுசாமி என்கிற வெல்டருக்கு வேலை கொடுத்தார்கள். ஆடி கழிந்து ஆற்றில் நல்ல தண்ணீர். கம்பி எங்கே நட வேண்டும் என்று அவளே வந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தாள், அன்று நானும் கூடப் போனேன். படியெல்லாம் பாசி, குச்சி வழுக்கியது. மேல்படியில் நின்று குச்சியை மடக்கிப் பையில் வைத்தாள். "ஏனுங்க, இன்னைக்கு நீங்க சொடக்குப் போடுங்க" என்றாள். என் முழங்கையைப் பிடித்தாள்.

அந்த நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இதில் சேர்க்க வேண்டும். வெகு நாளைக்குப் பிறகு கிடைத்த சந்தோஷம்.

பாதி தூரம் ஒழுங்காகவே இறங்கினோம். நடுவில் அகலமான ஒரு படி இருக்கிறது, அங்கே நின்று வேலுசாமிக்கு இடம் காட்டினாள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "கம்பி மட்டும் நட்டுட்டமுன்னா அம்மணிக்கு சார் தொணைகூட வேண்டாமுங்க" என்றார்.

வித்யா சிரித்தாள். "ஆமாங்க. அவரும் பாவம், எத்தனை வருஷந்தான் என்னைச் சொமப்பாரு. அவருக்கும் விடுதலை கெடைக்கட்டும்."

அடுத்தது இறங்கும் படி. நான் இரண்டு சொடக்குப் போட்டேன். முழங்கையை இலேசாக உடம்போடு ஒட்டி இழுத்துக்கொண்டேன்.

ஏறுவதற்காகக் காலைத் தூக்கி முன்னால் சாய்ந்தாள். அங்கே படி இல்லை. கல்லில் தலை மோதி, உருண்டு தண்ணீருக்குள் போனாள். முதலில் குதித்தது நான்தான். அதை ஊரே பார்த்தது. கரையில் தூக்கிப் போட்டபோது மூச்சு இருந்தது. அவள் தலை என் மடியில் இருந்தது. உதட்டை அசைத்தாள், பேச்சு வரவில்லை. நாக்கில் ஒரு சொடக்குப் போட்டாள். சற்று நிறுத்தி, இன்னும் ஒன்று. சுற்றி நின்றவர்கள் மூச்சுத் திணறுகிறது என்று நினைத்தார்கள். நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"சார் கடைசி வரைக்கும் சத்தம் குடுத்துக்கிட்டேதானுங்க இருந்தாரு, அம்மணிதான் கவனிக்கலை" என்று வேலுசாமி விசாரிக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, காதில் விழுந்ததைச் சொன்னார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இன்றைக்கும் நான் வராமல் இருந்திருந்தால் நீங்களும் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். போன வாரம் கம்பியைத் திறந்து வைத்தார்கள். அவள் பெயரைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். அவள் இடத்துக்கு வந்திருக்கிற பொன்னன், கட்டைக்கால் போட்ட பையன், மைக்கில் பேசினான். "வித்யாக்கா யாரு கையையும் எதிர்பாக்காம நடந்தவங்க. அன்னைக்கும் தைரியமாத் தன்னந்தனியாத்தான் எறங்கினாங்க" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். மாமியாரும் தட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகவில்லை.

வேலுசாமி இப்போது கரூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறார். பாவாயி எருமப்பட்டியில் இருக்கிறார், இன்னும் என் பெயருக்கும் சேர்த்துக் கோயிலில் விளக்குப் போடுகிறாராம். பொன்னன் நன்றாகப் பேசுகிறான், இன்னும் மேலே வருவான். மயில்சாமி இன்னமும் அந்த பெஞ்சில்தான் உட்காருகிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவிகள் தினமும் ஆற்றுக்கு இறங்குகிறார்கள். வித்யா இறந்துவிட்டாள், நான் கொன்றேன்.

தனியாக இறங்கினாள் என்று எங்காவது எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள் சார். விழுவதற்குக்கூட அவளுக்கு நான் வேண்டியிருந்தது.