பெக்கி முள்

அசையாதீங்க தம்பி. நாக்க உள்ள இழுத்தீங்கன்னா முள்ளும் கூடவே உள்ள போயிடும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அப்படியே நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். வெக்கப்படாதீங்க, இந்த சமையக்கட்டு ஜன்னல் முன்னாடி எத்தனையோ பேரு நாக்க நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு வக்கீலு, ஒரு கன்னியாஸ்திரி, போன வருஷம் ஒரு பாட்டுக்காரர்கூட. பெக்கிப் பழத்துக்கு பெரிய மனுஷன் சின்ன மனுஷன்லாம் தெரியாது.

பேசாதீங்க. ம்ம்னா போதும், எனக்குப் புரியும். வலிக்குதா? வலிக்கத்தான் செய்யும். கோழிச் சோத்துக்கு நடுவுல மஞ்சமஞ்சேன்னு பளபளன்னு கெடந்தா யாருக்குத்தான் கடிக்கத் தோணாது. மேல இருக்கிற அந்த மஞ்சச் சதை இருக்கே, அது நகத்தளவு கனம்கூட இருக்காது. முன்னம்பல்லால சொரண்டித்தான் சாப்பிடணும். அதுக்கு அடியில பூரா முள்ளு. முடி மாதிரி, கண்ணுக்கே தெரியாது. நீங்க என்னடான்னா வடைய கடிக்கிற மாதிரி நறுக்குன்னு கடிச்சுட்டீங்க. உங்க குரிச்சிபாவுல இதெல்லாம் கெடையாதுல்ல? தெக்க குளுரு ஊரு, அங்க எங்க இது வெளையப் போவுது.

இந்தா, ஒண்ணு வந்துடுச்சு. முள்வாங்கி நுனியப் பாருங்க. தெரியலையா? தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். வாயில கொஞ்சம் எண்ணெய் விடுறேன், முழுங்கிடாதீங்க.

அங்க என்ன சத்தம்னு பாக்குறீங்களா? சீட்டாட்டம். என் கொழுந்தன் அடெல்மோவும் அவர் சேக்காளிங்களும். ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாடு ஆச்சுன்னா வாசல் கேட்டு ஓரமா மேசையப் போட்டுடுவாங்க. சீட்டு போடுறதவிட கத்துறதுதான் ஜாஸ்தி. நீங்க இன்னிக்கு எப்படியும் கெளம்பணும்னு சொல்லியிருக்கீங்கல்ல, அதான் கேட்ட விட்டு நகர மாட்டேங்கறார். வழி மறிக்கிறதுக்கு இல்ல, தப்பா நெனைக்காதீங்க. வழியனுப்புறதுக்கு. இந்த ஊர்ல ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் கெடையாது, அவ்வளவுதான்.

நம்ம விடுதியில ஒரு ராத்திரி தங்குறேன்னுதான வந்தீங்க? ம். இப்ப எத்தன நாளாச்சு? விரல் காட்ட வேணாம், கைய கீழ வைங்க. மொத நாள் அடெல்மோ சந்தைக்குக் கூட்டிட்டுப் போனார். மறுநாள் உப்புக்கண்டம் திங்காம இந்த ஊர விட்டு ஒருத்தரும் போனதில்லன்னார். அப்புறம் யாரோட கொழந்தைக்கோ ஞானஸ்நானம். உங்களுக்கு அந்தக் கொழந்த பேருகூடத் தெரியாது, போட்டோவுல நடுவுல நீங்கதான் நிக்கிறீங்க. நேத்து பைய தோள்ல மாட்டிக்கிட்டே வந்து நின்னீங்க, பாவம். இன்னும் நேரம் இருக்கு தம்பி, ஒரு காபி குடிச்சுட்டுப் போலாம்னார். அந்தக் காபி இருட்டுற வரைக்கும் ஓடுச்சு. இருட்டுனதும், லாரி ஜாஸ்தி, இந்நேரத்துல கார எடுத்துக்கிட்டு ரோட்டுல எறங்குவாங்களான்னு மறுபடி ரூமுக்கு அனுப்பிட்டார்.

சிரிக்காதீங்க, நாக்கு ஆடுது.

மொத நாளு சாப்பாட்டு மேசையில நீங்க என்ன சொன்னீங்க? இந்த மோண்டஸ் கிளாரோஸ் ஜனங்க மாதிரி நல்ல ஜனங்கள நான் எங்கயும் பாத்ததில்லன்னு. நானும் இதே வார்த்தயத்தான் சொன்னேன். வந்த புதுசுல.

ஆமா, நான் இந்த ஊரு இல்ல. பேச்சுல தெரியலையா? தெரியாது, அதுவும் மாறிப்போச்சு. நான் கடக்கரைக்காரி. பாஹியா பக்கம், இலியேயுஸ். நானும் உங்கள மாதிரி சுத்திப் பாக்கத்தான் இங்க வந்தேன். ஆகஸ்ட்டுல இங்க ஒரு திருவிழா. தலைப்பாகையில கலர் கலரா ரிப்பன் தொங்கவிட்டு மேளம் அடிச்சுக்கிட்டு தெருத்தெருவா வருவாங்க. யாரோ சொன்னாங்க, பாக்கணும்னு ஆச, பஸ் ஏறிட்டேன். இருவத்தி நாலு வயசு. எங்க அக்கா ஜந்திரா கடக்கரையில தட்டப்பயறு வடை சுட்டு விக்கிறவ, செவத்த பாமாயில்ல. மாவு அரைக்கிறது நானு. ரெண்டு நாள்ல வந்துடு, கை வலிக்கும்னுதான் சொல்லி அனுப்புனா.

இந்த வீட்டுலதான் தங்குனேன். அப்பவும் இது விடுதிதான். வால்திரும் அவர் தம்பி அடெல்மோவும் சேந்து நடத்துனாங்க. திருவிழா முடிஞ்சுது, பெட்டியோட வாசல்ல நின்னேன். வால்திர் வந்து, இன்னும் நேரம் இருக்கு, ஒரு காபி குடிச்சுட்டுப் போன்னார். எப்படி வேணாம்னு சொல்றது, குடிச்சேன். அப்புறம் அவரையே கட்டிக்கிட்டேன். அந்தக் காபி இன்னும் முடியல தம்பி.

கொற சொல்ல மாட்டேன். வால்திர் தங்கமான மனுஷன். புள்ளகுட்டிதான் இல்ல. அவர் இருந்த வரைக்கும் கடல் நெனப்பு வந்தாலும் தாங்கிக்கிட்டேன். அவர் போய் மூணு வருஷமாவுது. ரெண்டு வருஷம் கழிச்சு அவர் சட்டையெல்லாம் எடுத்துக் குடுத்ததும் எனக்கும் இந்த ஊருக்கும் என்னன்னு தோணிப்போச்சு.

அண்ணாந்து பாருங்க. அடி நாக்குல ஒண்ணு இருக்கு.

அப்பத்தான் ஜந்திரா போன் பண்ணா. சக்கர வியாதி, கண்ணுல எறங்கிடுச்சு. போனது போனதுதான், இருக்கிறதும் கொறைஞ்சுக்கிட்டேதான் வரும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவ அழல. அழற ஜாதி இல்ல அவ. தினால்வா, உன் மூஞ்சி எனக்குத் தெரியறப்பவே வந்துடுடின்னா. அவ்வளவுதான். போன வச்சுட்டா.

அது போன வருஷம். இன்னும் நான் இங்கதான இருக்கேன், பாக்குறீங்கல்ல.

உங்க கண்ணு கேக்குறது புரியுது. பஸ்ஸு இல்லையா, ஏறிப் போக வேண்டியதுதானன்னு. சொல்றேன் கேளுங்க. மொத தடவ சாப்பிடும்போது எல்லார் முன்னாடியும் சொன்னேன். என் ஓரகத்தி லெனீரு, அதான் அடெல்மோ சம்சாரம், தட்ட வச்சுட்டு அழ ஆரம்பிச்சுட்டா. நாங்க என்ன கொற வச்சோம்ங்கறா. அடெல்மோ, அண்ணி நீங்க தாராளமாப் போங்க, திருவிழாக் கூட்டம் மட்டும் போவட்டும்னார். சரின்னேன். கூட்டம் போச்சு, பெக்கி சீசன் வந்துடுச்சு. என் கைச் சோத்துக்காகவே எங்கெங்கருந்தோ வர்றாங்க, இப்ப போனா நாறிப்போயிடும் அண்ணின்னார். அதுக்கும் சரின்னேன். அப்புறம் லெனீருக்கு ஆப்பரேஷன். படுக்கையில கெடக்குறவள விட்டுட்டு எப்படிப் போறது?

அடுத்த தடவ ஒருத்தர்கிட்டயும் சொல்லாம பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். கவுண்டர்ல இருந்தவன் அடெல்மோவோட ஞானப்பிள்ள. பெரியம்மா எங்க இவ்வளவு தூரம், அந்த பெஞ்சுல உக்காருங்க, டிக்கெட் அடிச்சுக் கொண்டாறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். நானும் மக்கு மாதிரி உக்காந்திருக்கேன். டிக்கெட் வரல, அடெல்மோ வந்தார். திட்டல தம்பி, ஒரு சொல்லு திட்டல. என் பெட்டிய அவரே தூக்கிக்கிட்டார். இப்படி அனாத மாதிரி பஸ்ஸுல போனா ஊரு என் மூஞ்சில துப்பாதா அண்ணி, அடுத்த மாசம் நானே கார்ல கொண்டாந்து விடுறேன்னார். கண்ணுல தண்ணி வேற. அந்த அடுத்த மாசம் இன்னும் வரல.

டாக்சியா? டாக்சிக்காரங்கதான் இப்ப வாசல்ல சீட்டாடிக்கிட்டிருக்காங்க.

இன்னொரு நாள் நடந்தே பைபாஸ் வரைக்கும் போயிட்டேன். ஏதாவது லாரி வந்தா கைய காட்டலாம்னு. ஒரு லாரி நின்னுச்சு. எறங்குனவன் நம்ம மேசையில சாப்பிடுறவன். அட தினால்வா அம்மா, இந்த வெயில்ல எங்க, ஏறுங்க வீட்டுல விட்டுடுறேன்னு லாரியவே திருப்பிட்டான். நான் எதிர்ப் பக்கம் போறேன்டான்னு சொல்லணும்ல? வாய் வரல. ஏறி உக்காந்துட்டேன். தேங்ஸ்கூட சொன்னேன்.

சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்புதான்.

அடிச்சா ஓடிடலாம் தம்பி. பூட்டி வச்சா கதவ ஒடைக்கலாம். காபி குடுக்குறவங்கள என்ன பண்றது? அடெல்மோ எதிர்ல நின்னு அண்ணின்னு ஒரு தடவ கூப்பிட்டாப் போதும், என் கை தானா பெட்டிய கீழ வச்சுடுது. பாசம் இல்லன்னு சொல்ல மாட்டேன். பாசமும் இருக்கு, என் சமையலும் வேண்டியிருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பிரிச்செடுக்க முடியல. ஆனா மூச்சு முட்டுது. சில நாளு பாத்திரம் கழுவுறப்ப தண்ணிச் சத்தம் கேட்டு அப்படியே நின்னுடுறேன்.

போன வாரம் ஜந்திரா மறுபடி பேசுனா. எதுக்க வர்றது ஆம்பளையா பொம்பளையான்னு குரல வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாளாம். வடை வெந்துச்சான்னு வாசனைய வச்சுப் பாக்குறாளாம். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னாடி, தம்பி. எப்ப வர்றேன்னு அவ கேக்கவே இல்ல. கேக்குறத நிறுத்திட்டா.

கொஞ்சம் இருங்க. சத்தம் கொறஞ்சிருக்குல்ல? பைக் கெளம்புது. சேக்காளிங்க போறாங்க. நாற்காலி இழுக்குற சத்தம் அடெல்மோதான், உள்ள வர்றார். வாய நல்லாத் தொறங்க. இன்னும். கண்ண மூடிக்கங்க.

இல்ல அடெல்மோ, இன்னும் முடியல. நாக்குக்கு அடியில நெறைய இருக்கு. பாவம், துடிச்சுப் போயிட்டார். லெனீரா? அவ அம்மா வீட்டுக்குப் போனவ, சாயந்தரம்தான் வருவா. நீங்க போய் செத்த கண்ணசருங்க, நான் பாத்துக்குறேன். இன்னிக்கு எங்க போகப் போறார், இந்த நாக்கோட. ஆமா ஆமா, காபி போட்டுக் குடுக்குறேன்.

ம். போயிட்டார். அசையாதீங்க, கட்டில் சத்தம் வரட்டும். படுத்தார்னா அவருக்கு உடனே தூக்கம் வந்துடும்.

கேக்குதா? கொறட்ட.

சரி, இப்ப வாய மூடிக்கங்க தம்பி. எச்சில முழுங்குங்க, ஒண்ணும் ஆகாது. முள்ளா? அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு. பஸ் ஸ்டாண்டு கதை சொல்றப்பவே கடைசி முள்ளு வந்துடுச்சு. அதுக்கப்புறம் சும்மா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்.

கோவமாப் பாக்காதீங்க. சாப்பிட்ட கையோட நீங்க கெளம்பியிருந்தா அவர் கேட்டுலதான் உக்காந்திருப்பார். அவர் தூங்கப் போறதுக்கு இவ்வளவு நேரம் புடிக்கும். அந்த வக்கீலு, கன்னியாஸ்திரி எல்லாரும் நான் சொல்லியும் கேக்காமக் கடிச்சவங்க. தட்டுல பெக்கிய வைக்கிறதுக்கு முன்னாடி கடிக்காதீங்கன்னு நான் சொல்லாம விட்டதே இல்ல. இன்னிக்கு அடெல்மோகூட அடுப்பாண்ட வந்து கேட்டார், அண்ணி, தம்பிகிட்ட சொல்லிட்டீங்களான்னு. சொல்லிட்டேன்னேன். உங்ககிட்ட மட்டும் வேணும்னே சொல்லல. வலிச்சிருக்கும். எனக்கு வேற வழி தெரியல.

இங்க வந்து தங்குறவங்க மாட்டு வியாபாரிங்க, மருந்து விக்கிறவங்க, எல்லாரும் அவருக்கு வேண்டியவங்க. அடுத்து எந்த ஊருன்னு நேத்து உங்களக் கேட்டப்ப, கடக்கரைக்குத்தான், இலியேயுஸுன்னீங்க. கையில இருந்த கரண்டி நழுவிடுச்சு எனக்கு.

காலையில உங்களுக்கு சீஸ் வைக்கிறேன்னு கார் சாவி வாங்குனேன்ல. சீஸோட என் பெட்டியும் உள்ள இருக்கு. உங்க போர்வைக்குக் கீழ. சின்னப் பெட்டிதான். இந்தாங்க சாவி, புடிங்க. இத வச்சுக்கிட்டு நான் மெரட்ட மாட்டேன். வேணாம்னு தோணுச்சுன்னா பெட்டிய எறக்கி வச்சுட்டு நீங்க பாட்டுக்குப் போங்க. நான் மறுபடி உலை வைக்கிறேன்.

தலையாட்டாதீங்க தம்பி. அது எனக்குப் போதாது. இந்த வீட்டுல எல்லாரும் நான் கேட்டதுக்குத் தலையாட்டுனவங்கதான். நாக்குதான் சரியாயிடுச்சே. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்க. மெதுவா, அவர் முழிச்சுக்காம.