ஒரு பல் தள்ளி

ஃபாதர், சர்ச் வாசலில் உங்கள் காரைப் பார்த்தேன். முன்பக்கம் இடது டயரில் காற்று குறைவாக இருக்கிறது. போகும்போது நிரப்பிவிட்டுப் போகிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த இடத்தில் தொழில் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். என் பாவமும் தொழில் சம்பந்தப்பட்டதுதான். பெரிதாக ஒன்றுமில்லை.

குமுதாவை உங்களுக்குத் தெரியும். போன மாதம் கல்யாணத்துக்குப் பெயர் கொடுக்க என்னோடு வந்தாளே, அந்தப் பாலர் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக அவளுடைய பழைய கார் தாப்பாவில் என் பட்டறைக்குத்தான் வருகிறது. நான் எண்ணெய் மாற்றும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அழுவதையும் கோள் சொல்வதையும் நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து நட்டைக் கீழே போடுவேன். ஒரே ஒரு குறை, என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நாற்பத்தாறு வயது பிரம்மச்சாரிக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று உங்களிடம் சொல்லிப் பயனில்லை.

ஒருநாள் வந்து சொன்னாள்: "அண்ணே, மேல கேமரன்ல ஒரு மாப்புள வந்திருக்கு. யுகேந்திரன்னு பேரு, காய்கறித் தோட்டம் வச்சிருக்காரு. சனிக்கெழம போய்ப் பேசலாம்னு இருக்கேன். வண்டி மல ஏறுமா லா?"

"தாராளமா ஏறும். டைமிங் பெல்ட்ட மட்டும் மாத்திக் குடுக்கறேன்," என்றேன்.

பெல்ட் தேய்ந்துதான் இருந்தது. அதில் பொய் இல்லை. இஞ்சினில் மேல் பல்சக்கரத்தில் ஒரு குறி, கீழ்ப் பல்சக்கரத்தில் ஒரு குறி. இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்போது பெல்ட்டை மாட்ட வேண்டும். நான் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினேன். அப்படி மாட்டினால் வண்டி சமதரையில் ஓடும். பக்கத்து ஊர் காம்பாருக்குப் போகலாம், பீடோருக்குப் போய்க் கொய்யா வாங்கி வரலாம். மலையில்தான் மூச்சு வாங்கும். யாருக்கும் கெடுதல் இல்லாத ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை மலைப்பாதையில் இருக்கும் அருவியைத் தாண்டியதும் வண்டி சூடேறி நின்றுவிட்டது. நான்தான் கயிற்றோடு போய் இழுத்து வந்தேன். பிளக்கை மாற்றினேன், ரேடியேட்டரைக் கழுவினேன், பெல்ட் மூடியை மட்டும் தொடவில்லை. சந்தேகப்பட்டு அவள் காம்பாரில் வேறொருவனிடம் காட்டினாள். அவன் பெட்ரோல் பம்ப்பைக் குறை சொன்னான். மூடியைக் கழற்றிப் பார்க்கக்கூட அவனுக்குச் சோம்பல். தொழிலில் சுத்தம் இல்லாதவர்களை எனக்குப் பிடிக்காது.

இரண்டாம் முறை முனியாண்டி கோயிலில் பூசை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினாள். கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது.

மூன்றாம் முறை குடும்பமே மாப்பிள்ளை வீடு பார்க்கப் புறப்பட்டது. நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்று, நான்கு பேர் இருந்த வண்டியில் ஐந்தாவதாக ஒரு சித்தியையும் ஏற்றினார் அவள் அண்ணன் தனேஸ்வரன். சித்தி நல்ல கனம். அருவி வரைகூடப் போகவில்லை. ஒரு வளைவில் நின்றது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்டும் இடித்துவிட்டது. பம்பர் நசுங்கியது, சித்திக்குத் தோள்பட்டை விலகியது, அவ்வளவுதான். லாரியின் பிரேக் நன்றாக இருந்ததற்காக அன்று முழு ஜெபமாலையும் சொன்னேன்.

நான் இழுத்து வரப் போனபோது தனேஸ்வரன் நடுரோட்டிலேயே முடிவு கட்டிவிட்டார். "மூணு தடவ மறிச்சிருச்சி. சாமிக்கே இஷ்டமில்ல. இந்த எடம் நமக்கு வேணாம்."

தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குமுதா அழுதாள். "போன்ல பேசுனதுலயே அவர எனக்குப் புடிச்சிருந்துச்சிண்ணே," என்றாள். அந்த வாரமே பெல்ட்டைச் சரியாக மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. மற்ற பட்டறைப் போமன்களால் முடியாததை சில்வெஸ்டர் செய்துவிட்டான் என்று தனேஸ்வரன் ஊரெல்லாம் சொன்னார். எட்டு மாதத்தில் அவரே வந்து என்னைத் தங்கைக்குக் கேட்டார். என் கைபட்டு வண்டி சரியானது நல்ல சகுனமாம். சகுனமெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும், ஃபாதர். ஆனாலும் வீடு தேடி வந்த மனுஷர் மனதைப் புண்படுத்தலாமா? குமுதா மறுக்கவில்லை. இப்போது அண்ணே என்று கூப்பிடுவதும் இல்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை.

செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் உண்டா என்று கேட்கிறீர்கள். அந்தச் சித்தியை நினைத்தால் நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. மற்றபடி குமுதாவை நான் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாம் அவளே யோசித்து எடுத்த முடிவு.

நாளைக் காலை உங்களைத் தனியாகப் பார்க்க அவள் நேரம் கேட்டிருக்கிறாளாம். என்ன பேசப் போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அவள் தனியாக வருவாள் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம், ஃபாதர். நாளைக்கு அவள் வண்டி கிளம்பாது. நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.