சம்பந்தியைப் பார்க்க நாலு படம்

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்து, ஸ்காபரோ பஸ். முன் இருக்கையில் இரண்டு பேர். மடியில் தோடம்பழப் பெட்டி வைத்திருந்தவர் சொன்னார்:

“நாலு சீனப்படம் பாத்திட்டன். இனிப் பயமில்லாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவன்.”

மகள் விரும்பிய சீனப் பையனின் பெற்றோரை இன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறாராம்.

“என்ன படங்கள், அண்ணை?” என்றார் மற்றவர்.

“ஒண்டு வாள்ச்சண்டை, ஒண்டு பேய், ஒண்டு கடத்தல்காரர். நாலாவது குடும்பப்படம். அதிலை மாமியார் கோவத்திலை ஒரு வார்த்தை பேசேல்லை. ஆனா மருமகளின்ரை சோத்துக் கோப்பையிலை மீன் வைச்சவ. எங்கடை ஆக்கள்தான்!”

“அவையும் உங்களை அறியத் தமிழ்ப்படம் பாத்திருந்தா?”

அவர் மடியிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப என்னட்டை அரிவாள் தேடுவினம். வாசலிலையே பெட்டியைத் திறந்து காட்டுறன்” என்று மணிக்கயிற்றை இழுத்தார்.